நாலு பொட் காலிப்பரும் ஒரு பழைய சிவிக்கும்: செந்தூல் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ஹோண்டா சிவிக், எட்டாம் தலைமுறை. மலேசியாவில் எல்லாரும் எஃப்டி என்று சொல்வார்களே, அது. 1.8 எஞ்சின், ஆட்டோ கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ரிம்மை மட்டும் முன்பே மாற்றியிருந்தார்கள். 17 அங்குலம், 215/45 டயர். உரிமையாளர் பத்துமலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தம்பி. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது, கோத்தோங் ஜெயாவை நெருங்கும் வளைவுகளில் பிரேக் மிதி அப்படியே தரைக்குப் போய்விட்டது. இரண்டு மூன்று முறை பம்ப் அடித்ததும் திரும்பி வந்தது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் மெல்ல வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

செந்தூல் பட்டறைக்கு அவர் வந்தபோது கைப்பேசியில் ஒரு படம் தயாராக இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த நாலு பொட் காலிப்பர் (பிரேக் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்; பொட் என்றால் அதைத் தள்ளும் பிஸ்டன்), கூடவே 330 மில்லிமீட்டர் டிஸ்க், விலை ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). "அண்ணே, இதைப் போட்டுட்டா இனிமே பயமில்லலா?" என்று கேட்டார். போர்மன் அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை. போனட்டைத் திறக்கச் சொன்னார்.

மிதி ஏன் தரைக்குப் போனது

பிரேக் சூடாகி ஏமாற்றுவதில் இரண்டு வகை உண்டு. காலுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். மிதி கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்காமல் பிடியை விட்டுவிட்டது. மிதி மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி நின்றுவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் மிதி போகிறது, பம்ப் அடித்தால் கொஞ்சம் வருகிறது, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல் ஆகிவிடுகிறது. இந்தத் தம்பி சொன்னது சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை.

டப்பாவில் இருந்த ஆயில் தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்துப்போயிருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று அவருக்கு நினைவில்லை. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். கோலாலம்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. தண்ணீர் 3.7 விழுக்காடு சேர்ந்தபின் அதே ஆயிலுக்கான அளவு 140 டிகிரி. டாட் 4-க்கு இது 230-உம் 155-உம். டாட் 5.1-க்கு 260-உம் 180-உம். ஆக, புது ஆயிலுக்கும் பழைய ஆயிலுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம், ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே இருப்பதைவிடப் பெரிது. விலை கூடிய ஆயிலை ஊற்றிவிட்டு ஐந்து வருடம் மறந்துவிடுபவரைவிட, சாதாரண டாட் 4-ஐ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுபவர் மலையில் நிம்மதியாக இறங்குவார்.

அடுத்து, கெந்திங் இறக்கம் பிரேக்கிடம் என்ன கேட்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். உச்சியிலிருந்து கோத்தோங் ஜெயா வரை உயர வித்தியாசம் 700 மீட்டருக்கு மேல். ஆட்களும் பைகளுமாக வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், 700 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ ஒரு கோடி ஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் அதைத் தாங்கவில்லையென்றால் முழுவதும் டிஸ்க்குக்குத்தான். அதில் எழுபது விழுக்காடு முன் டிஸ்க் இரண்டுக்கும் போகிறது, ஒவ்வொன்றும் ஆறு கிலோ, காற்று ஆற்றுவதே இல்லை என்று வைத்தால் வெப்பம் 1,300 டிகிரி ஏறும். உண்மையில் காற்று ஆற்றும், அவ்வளவு ஏறாது. ஆனாலும் அந்தச் சாலையில் குறைந்த கியரில் இறங்கு என்று பலகைகள் ஏன் நிற்கின்றன என்பது இந்த ஒரு வரிக் கணக்கிலேயே தெரிந்துவிடும். தம்பி ஆட்டோ கியரை டி-யிலேயே (டிரைவ்) விட்டு இறங்கியிருக்கிறார்.

இந்த இடத்திலேயே வேலையை முடித்திருக்கலாம். ஆயிலை மாற்று, நல்ல பேட் போடு, இரண்டாம் கியரில் இறங்கு, செலவு சில நூறு வெள்ளி. ஆனால் சக்கரத்தைக் கழற்றியதும் வேறு கதை வந்தது. இடது முன் காலிப்பர் நகர உதவும் வழுக்கு ஊசி இறுகிப்போய், உள்பக்க பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. பிஸ்டனின் தூசி ரப்பர் கிழிந்து, பிஸ்டன் மேல் குழி குழியாகத் துரு. டிஸ்க்கின் தொப்பிப் பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும். இரண்டு டிஸ்க்குமே அதற்குக் கீழே போய்விட்டன. எப்படியும் காலிப்பர், டிஸ்க், பேட் மூன்றும் வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் "எதை வாங்குவது" என்ற கேள்விக்கு அர்த்தம் வந்தது.

பொட் எண்ணிக்கையை விட்டுவிட்டு பரப்பளவைப் பார்ப்பது

நாலு பொட், ஆறு பொட், எட்டு பொட் என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல நமக்குப் பிரேக் கூடிக்கொண்டே போவது போலத் தோன்றும். பிரேக்குக்கு எண்ணிக்கை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆயில் அழுத்தம், பிஸ்டனின் பரப்பளவு, பேட்டின் உராய்வு, அந்த உராய்வு சக்கர மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நடக்கிறது என்ற தூரம். இந்த நாலும் பெருகி வருவதுதான் பிரேக் விசை.

சிவிக்கில் கம்பெனி கொடுத்தது ஒரு பிஸ்டன் உள்ள மிதக்கும் காலிப்பர். அளந்து பார்த்தோம்: பிஸ்டன் குறுக்களவு 54 மிமீ, டிஸ்க் 262 மிமீ. பிஸ்டன் பரப்பளவு 2,290 சதுர மிமீ. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் நடு ஆரம் சுமார் 109 மிமீ.

மிதக்கும் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்க பேட்டைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் உடல் நகர்ந்து வெளிப்பக்க பேட்டை இழுக்கும். ஒரே பிஸ்டன் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. நாலு பொட் காலிப்பர் அசையாதது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, எதிரும் புதிருமாகத் தள்ளும். எனவே இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் நாலு பொட்டில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் கூட்ட வேண்டும். நாலையும் கூட்டி "இரட்டிப்புப் பிரேக்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளலாம், வாங்க வேண்டியதில்லை.

தம்பி காட்டிய கிட்டில் நாலு பிஸ்டனும் 42 மிமீ என்று போட்டிருந்தது. ஒரு பக்கம் இரண்டு, பரப்பளவு 2,771. பழையதைவிட 21 விழுக்காடு கூடுதல். டிஸ்க் 330 என்பதால் நடு ஆரம் 141 மிமீ, அது 29 விழுக்காடு கூடுதல். இரண்டையும் பெருக்கினால் அதே மிதி அழுத்தத்துக்கு முன் சக்கரப் பிரேக் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல் போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் பிரேக் அப்படியே இருக்கிறதே! முன் டயர் சீக்கிரமே வழுக்கும் எல்லைக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்க ஆரம்பிக்கும். பின் டயரோ தன் பங்கைச் செய்யாமல் சும்மா உருளும். ஈரச் சாலையில் நிற்கும் தூரம் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் பரப்பளவு 21 விழுக்காடு கூடினால் அதைத் தள்ள அதே அளவு கூடுதலாக ஆயில் வேண்டும். மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான். ஆக மிதி இன்னும் ஆழமாகப் போகும். மிதி தரைக்குப் போகிறது என்ற புகாரோடு வந்தவருக்கு, மிதியை ஆழமாக்கும் கிட்!

எங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பிஸ்டன் பரப்பளவு பழையதோடு ஒட்டியே இருக்க வேண்டும். டிஸ்க் மட்டும் மிதமாகப் பெரிதாக, கனமாக, காற்று போக வழியுள்ளதாக இருக்க வேண்டும். கடைசியில் கிடைத்த கிட்டில் ஒரு பக்கத்துக்கு 36, 40 மிமீ என இரண்டு பிஸ்டன். கூட்டினால் 2,274 சதுர மிமீ, பழையதோடு கிட்டத்தட்டச் சமம். டிஸ்க் 300 மிமீ, நடு ஆரம் 127. மொத்த விசை 16 விழுக்காடு கூடுகிறது; மிதி ஆழம் மாறாது. படத்தில் பார்க்க 330 அளவுக்குக் கம்பீரம் இல்லை என்பது உண்மை. தம்பியின் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

ஒன்றையும் அவரிடம் ஒளிக்கவில்லை. காய்ந்த சாலையில், ஆறிய பிரேக்கில், முழுமூச்சாக மிதித்தால் இந்த வண்டியில் ஏபிஎஸ் முன்பே வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அங்கே எல்லை டயர்தான். எந்தக் காலிப்பரும் அந்த ஒரு மிதியின் தூரத்தைக் குறைக்காது. பெரிய டிஸ்க்கால் கிடைப்பது, பத்தாவது மிதியும் முதல் மிதி போலவே இருப்பது.

கடைகள்

மூன்று வழி பார்த்தோம். முதலாவது ஹாஃப்கட் கடை. ஜப்பானிலிருந்து வரும் வண்டி முன்பாதிகளைப் பிரித்து விற்கும் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய. ஒன்றில் இன்டெக்ரா டைப் ஆர் டிசி5-இலிருந்து கழற்றிய பிரெம்போ நாலு பொட் ஜோடி இருந்தது. அசல் சாமான், 300 மிமீ டிஸ்க்குக்கானது. ஆசைப்பட்டுத் தூக்கிப் பார்த்தால் ஒன்றில் காற்று வெளியேற்றும் நிப்பிள் உள்ளேயே முறிந்திருந்தது. இரண்டு பிஸ்டனில் துரு. பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். அப்படியே வைத்துவிட்டு வந்தோம். ஹாஃப்கட்டில் காலிப்பர் வாங்குவது தப்பே இல்லை. ஆனால் பிஸ்டனைக் காற்றழுத்தத்தில் தள்ளிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும், சீல் கிட் தனியாகக் கிடைக்குமா என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

இரண்டாவது, தம்பி காட்டியது போன்ற நகல். வெளியே பிரெம்போ என்றோ ஏபி ரேசிங் என்றோ எழுத்து, உள்ளே யார் வார்த்ததென்று தெரியாத அலுமினியம். இதில் பெயர் ஏமாற்று சின்ன விஷயம். பெரிய விஷயம், பிஸ்டன் சீல் உட்காரும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரம் ஒரு குறிப்பிட்ட சாய்வில் கடையப்பட்டிருக்கும். மிதிக்கும்போது ரப்பர் சீல் பிஸ்டனோடு சேர்ந்து வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைச் சற்றே பின்னிழுக்கும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது அந்த ஒன்றால்தான். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சரியாகக் கடையாத காலிப்பரில் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்; சமவெளியிலேயே டிஸ்க் சூடாகும், மலைக்குப் போகும்போது பாதி வெப்பத்தை ஏற்கெனவே சுமந்துகொண்டு போகும். பிரெம்போ தன் மாற்றுக் கிட்டுகளோடு நகலைக் கண்டுபிடிக்க ஒரு குறியீட்டு அட்டை வைத்துத் தருகிறது. அட்டை இல்லாத "புத்தம்புது பிரெம்போ" என்றால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். காலிப்பர் மேல் ஒட்டும் சிவப்பு பிளாஸ்டிக் மூடியை மட்டும் வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. அவர்கள் அடியில் கம்பெனி காலிப்பராவது இருக்கிறது.

பெரிய பெயருள்ள அசல் முழு கிட்டின் விலை ஐந்து இலக்கம். இந்த வயதுள்ள சிவிக்குக்கு அது நியாயமில்லை. அதனால் மூன்றாவது வழி: தன் சொந்தப் பெயரிலேயே விற்கும், உதிரி சீலும் பேட்டும் கோலாலம்பூரிலேயே கிடைக்கும் ஒரு தைவான் கிட். தேர்வை முடிவு செய்ததில் பரப்பளவுக்கு அடுத்து இரண்டு விஷயம் எடைபோட்டது. ஒன்று, பேட்டின் வடிவம் பல கம்பெனிகள் தயாரிக்கும் பொதுவான வடிவமா என்பது. காலிப்பர் ஒருமுறைச் செலவு, பேட் ஆயுசுக்கும். இன்னொன்று, பிஸ்டனுக்குத் தூசி ரப்பர் உண்டா என்பது. பந்தயக் காலிப்பர்கள் பலவற்றில் அது இருக்காது, அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்வார்கள் என்பதால். இங்கே மாலை மழையில் ஜாலான் ஈப்போவில் நிற்கும் வண்டிக்கு அது இல்லாமல் முடியாது.

பொருத்தியது

வாங்குவதற்கு முன்பே கிட்டின் வெளிவடிவத்தை அட்டையில் வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுழற்றிப் பார்த்தார் அண்ணன். ரிம்மின் உட்சுவரிலும் ஸ்போக்கின் பின்பக்கத்திலும் குறைந்தது 3 மிமீ இடைவெளி வேண்டும். 330 கிட்டின் அட்டை 17 அங்குல ரிம்மில் முட்டியது. 300-க்கு சுவர் பக்கம் தாராளம். ஸ்போக் பக்கம்தான் நெருக்கம். ரிம்மைச் சற்று வெளியே தள்ள 5 மிமீ ஸ்பேசர் போட்டோம். போடும்போது இரண்டைப் பார்த்தோம்: ஹப்பின் 64.1 மிமீ விளிம்பில் ஸ்பேசர் சரியாக உட்கார வேண்டும். நட்டு ஸ்டட்டில் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். 12 மிமீ ஸ்டட், 1.5 மிமீ மரை. ஸ்டட்டின் குறுக்களவு நீளத்துக்காவது நட்டு ஏற வேண்டும் என்று வைத்தால், 12-ஐ 1.5-ஆல் வகுத்து வருவது எட்டு. யாரும் யோசிக்காத ஒன்றும் இருந்தது. ரிம்மின் உட்பக்கம் ஒட்டியிருந்த பேலன்ஸ் ஈயத்துண்டு, சரியாகக் காலிப்பர் ஓடும் பாதையில். அதை எடுத்து வேறு வரிசையில் ஒட்டி மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டியதாயிற்று.

ஹப்பின் முகத்தைத் துரு போகச் சுரண்டிய பின்தான் டிஸ்க்கை ஏற்றினார். டயல் கேஜ் வைத்து ஆட்டம் 0.05 மிமீக்குள் இருக்கிறதா என்று பார்த்தார். முதல் தடவை வலது பக்கம் கூடுதலாக வந்தது; டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டியதும் இறங்கிவிட்டது. அப்புறம் பிராக்கெட், அதன்மேல் காலிப்பர். டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா என்று இரண்டு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டு, மெல்லிய ஷிம் வைத்துச் சரிசெய்வதில்தான் பாதி நாள் போனது. போல்ட் எல்லாம் 10.9 தரம், மரைப் பசை, டார்க் ஸ்பேனர். பிராக்கெட் போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்குகிறவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் அவரிடம் நான் வண்டி விடமாட்டேன்.

இடது வலது மாற்றி மாட்டுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கூத்து. நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும்; கீழே இருந்தால் காற்று மேலேயே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் மிதி இறுகாது. அளவு வேறுபட்ட பிஸ்டன் என்பதால் இன்னொரு சோதனையும் உண்டு. டிஸ்க் காலிப்பருக்குள் நுழையும் பக்கம் சின்னப் பிஸ்டன், வெளியேறும் பக்கம் பெரியது. பேட் ஒரு முனையில் மட்டும் சரிந்து தேயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

பின்னல் உறை போட்ட புது ஹோஸ், ஒவ்வொரு இணைப்பிலும் புதுச் செப்பு வாஷர். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்தோம். டாட் 4 ஊற்றி, ஒவ்வொரு புதுக் காலிப்பரிலும் இரண்டு நிப்பிளிலும் காற்றெடுத்தோம். டப்பாவை ஒரு நிமிடமும் காயவிடவில்லை. காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்விட்டால் கணினி வைத்து எடுக்க வேண்டிவரும். பின் பிரேக்கிலும் அதே தரத்தில் புது பேட்.

ஓட்டிப் பார்த்தது

ஞாயிறு விடியலில் ஆள் நடமாட்டமில்லாத தொழிற்பேட்டைச் சாலையில் பேட்டைப் பழக்கினோம். 80-இலிருந்து 20 வரை மிதமாக இறக்கி, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பல தடவை. சூடாக இருக்கும்போது மிதியை அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, பின்னால் அதிர்வாக வரும். அப்புறம் ஆற ஓட்டம்.

பிறகு அதே கெந்திங் சாலை. தம்பி ஓட்டினார், இந்தத் தடவை இரண்டாம் கியரில். கோத்தோங் ஜெயாவில் நிறுத்தி வெப்பமானியைக் காட்டினோம். இரண்டு முன் டிஸ்க்கும் ஏறக்குறைய ஒரே சூடு. எவ்வளவு சூடு என்பதைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மிதி ஆழம் மலைமேல் இருந்த மாதிரியே. "அண்ணே, கியர்னாலயா காலிப்பர்னாலயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. புது ஆயிலும் கியரும் மட்டுமே அந்தச் சாலைக்குப் போதுமாக இருந்திருக்கும் என்றுதான் என் கணிப்பு. புதுக் காலிப்பரின் வித்தியாசம் தெரிந்தது வேறிடத்தில்: உலு யாம் வளைவுகளில் மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது கால் கேட்ட அளவு துல்லியமாகக் கிடைத்தது. மிதக்கும் காலிப்பரில் இருந்த அந்த இழுபறி இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. காலையில் முதல் சில மிதிகளுக்குக் கீச்சென்ற சத்தம். பேட்டின் முதுகில் தகடும் பசையும் வைத்ததில் குறைந்தது, போகவில்லை. ரிம்மில் கறுப்புத் தூசி முன்பைவிட அதிகம். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறோம். பழைய வலது காலிப்பரைச் சீல் மாற்றி எடுத்துவைத்தாயிற்று. இடதுக்குப் பிஸ்டன் தேட வேண்டும். வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போது வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பகோமில் பி5 பரிசோதனை வரும், உருளையில் ஏற்றி இடது வலது விசையை அளப்பார்கள். புதுக் கிட்டோடு போவதா, பழையதைத் திரும்ப மாட்டி கிட்டைத் தனியாக விற்பதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். தம்பிக்கு இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை. டயர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.